ஓலைப்பெட்டியும் முருங்கைப் போத்தும்

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கடற்கரையில் ஒரு மீனவர் ஊர். அங்குள்ள அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில், கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. எங்கள் ஊர்ப் படகுகள் ஒருவழியாகக் கரை சேர்ந்தன. ஆனால் பள்ளி திறந்த பின்னும் மாணவர்களின் மனம் கடலிலேயே இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவள் அப்பா சென்ற படகு நான்கு நாள் கழித்தே வந்திருந்தது.

ஒரு மாலை அவள் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் ஆச்சி ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். மாணவி பக்கத்தில் அமர்ந்து ஓலையைக் கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இது எதற்கு ஈரமாக இருக்கிறது?" என்று கேட்டேன். "காய்ஞ்ச ஓலைய மடக்குனா ஒடிஞ்சிரும் டீச்சர்" என்றாள். பல நாள்களுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியரின் அனுமதியுடன் ஆச்சியைப் பள்ளிக்கு அழைத்தோம்.

ஓலையில் உள்ள பாடம்

எங்கள் பகுதியில் பனைக்குக் குறைவில்லை. மணப்பாடு ஓலைப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஊர். வேலை குருத்தோலையில் தொடங்குகிறது. ஓலையை வெயிலில் உலர்த்தி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கீற வேண்டும். சாயம் வேண்டுமானால் கொதிக்கும் சாய நீரில் போட்டு எடுத்து, மறுபடி உலர்த்த வேண்டும். முடையும் முன் ஈரப்படுத்த வேண்டும்.

ஓலை ஏன் நீளவாக்கில் மட்டும் நேராகக் கிழிகிறது என்று ஆறாம் வகுப்பில் கேட்டேன். இணைப்போக்கு நரம்பமைவு என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு யாரும் மறக்கவில்லை. ஒரு மரத்தின் குருத்தை எல்லாம் வெட்டக் கூடாது என்றார் ஆச்சி. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்நுனிதான். அது கெட்டால் மரமே போய்விடும் என்று நான் விளக்கினேன். கணித ஆசிரியர் பெட்டியின் வண்ணக் கோலத்தைக் கொண்டு சமச்சீரும் மடங்குகளும் நடத்தினார். கூட்டல் கணக்கில் தடுமாறும் ஒரு மாணவன், எந்த ஓலை மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்பதைப் பிசகாமல் சொன்னான். அவனைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தை அன்று மாற்றிக்கொண்டேன்.

மணலில் தோட்டம்

அந்த ஆண்டே பள்ளித் தோட்டமும் தொடங்கினேன். கத்தரி, தக்காளி நாற்றுகளை வாங்கி வந்து நட்டேன். ஒரு மாதத்தில் எல்லாம் கருகிவிட்டன. தவறு என்னுடையது, ஊரில் யாரிடமும் கேட்கவில்லை. "மணலுக்கு வயிறு கெடையாது டீச்சர். ஊத்துனது நிக்காது" என்றார் ஆச்சி.

அதையே சோதனையாகச் செய்தோம். அடியில் துளையிட்ட இரண்டு பாட்டில்கள். ஒன்றில் மணல், மற்றதில் அதே அளவு மணலும் மக்கிய எருவும் கலந்த கலவை. இரண்டிலும் 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, கீழே வடிந்ததை அளந்தோம். மணல் துகள்களின் இடைவெளி பெரிது என்பதால் நீரும் அதில் கரைந்த சத்தும் கீழே இறங்கிவிடுகின்றன. மக்கிய பொருள் அவற்றைப் பிடித்து வைக்கிறது.

பிறகு குழிகளில் எருவும், நன்றாகக் கழுவி மக்க வைத்த தென்னை நார்க்கழிவும் இட்டோம். மேலே சருகு மூடாக்கு போட்டோம். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றைத் தடுக்க ஓலைத் தட்டி கட்டினோம். ஓரத்தில் முருங்கைப் போத்துகளை நட்டோம். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடையில் கலந்து, மூடிய பிளாஸ்டிக் வாளியில் மூன்று நான்கு வாரம் வைத்து மீன் அமிலம் தயாரித்தோம். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. வீதம் தெளித்தோம்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு

கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தோட்டம் மறுபடி வாடியது. அடுத்த ஆண்டு விடுமுறைக்கு முன் ஆளுக்கொரு முருங்கைப் போத்தும் கீரை விதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறைந்து வீட்டில் சச்சரவு கூடும் நாள்கள் அவை. அந்த நாள்களில் வலை சரிசெய்ய அமரும் அப்பாக்கள், பழைய வலையால் ஆடு நுழையாதபடி கீரைப் பாத்திக்கு வேலி கட்டித் தந்தார்கள்.

எங்கள் ஊரில் மீன் தினமும் உண்டு, கீரைதான் அரிது. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. மீனோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் ஏற்பது கூடுகிறது. ஆகவே, மீன் குழம்புச் சோற்றோடு முருங்கைக்கீரைப் பொரியல் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னோம். இது புதிதாக எதையும் வாங்கச் சொல்லாத அறிவுரை என்பதால் தாய்மார்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு

ஓலை முடைவது மனத்துயருக்கு மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கை ஒரு வேலையில் இருக்கும்போது, சில குழந்தைகளுக்குப் பேச்சு எளிதாகிறது, அவ்வளவே. மௌனம் நீடித்தால் பள்ளிக் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களை நாடத் தயங்க வேண்டாம்.

உங்கள் ஊரில் ஓலை இல்லாவிட்டால் பாய், கூடை, மண்பாண்டம் என வேறு ஏதேனும் இருக்கும். முதலில் கைத்தொழில் தெரிந்த ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவர் செய்வதை மாணவர்களே உங்களுக்கு விளக்கட்டும். அதன் பிறகு பாடநூலைத் திறக்கலாம்.

ஆச்சி இப்போது இல்லை. அந்த மாணவி கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்துவிடுகிறாள். ஈரத்துணியில் சுற்றிய ஓலையோடுதான் வருகிறாள்.