பல் வலிக்கும்வரை காத்திருக்கலாமா?

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. ஆயினும் நம்மில் பலர் வலி பொறுக்க முடியாத நிலையில்தான் பல் மருத்துவரை நாடுகின்றனர்.

சொத்தை முதலில் எனாமலை அரிக்கிறது. எனாமலில் நரம்பு இல்லாததால் வலி தெரிவதில்லை. உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பகுதியை எட்டும்போதுதான் கடும் வலி தோன்றுகிறது. தொடக்கத்திலேயே வந்தால் பல்லை அடைத்தால் போதும். பிந்தினால் வேர்ச் சிகிச்சை. அதுவும் தவறினால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் குடும்பப் பல் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. டிஜிட்டல் எக்ஸ்ரே, பற்களுக்கிடையே ஒளிந்திருக்கும் சொத்தையைச் சில நொடிகளில் திரையில் காட்டிவிடும். இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் டைட்டேனியம் திருகைப் பொருத்தும் 'இம்பிளாண்ட்' முறையும் உண்டு. சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1965-இல் இதை முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தினார்.

ஆனால், உயிர் காக்கும் ஒரு சோதனைக்கு விளக்கும் சிறு கண்ணாடியுமே போதும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே அதிகம். வெற்றிலை பாக்குப் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவையும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

எனவே, அடுத்த விடுமுறையில் பல் மருத்துவரிடம் செல்லும்போது, வெற்றிலை போடும் பாட்டியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வருமுன் காப்போம்!