பூவை விலை பேசுவோர் பூச்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும்

மாமரம் பூத்து நிற்கும்போதே வளவுக்காரரிடம் விலை பேசி, முன்பணம் கொடுத்து, அந்தப் பருவத்துக் காயைக் குத்தகைக்கு எடுப்பது மாம்பழ வியாபாரத்தில் பழைய வழக்கம். பூ அடர்த்தியாக இருந்தால் விலை கூடும். ஆனால் பூவை எண்ணிக் காயைச் சொல்லிவிட முடியாது. ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். மொத்தப் பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாக முற்றுவதில்லை. எது காயாகும் என்பதை மழை, பனி, நோய் ஆகியவற்றோடு சேர்ந்து தீர்மானிப்பவை பூவுக்குப் பூ தாவும் பூச்சிகள். பூவைக் குத்தகைக்கு எடுப்பவர் அவற்றின் உழைப்பைத்தான் முன்கூட்டியே விலைக்கு வாங்குகிறார்.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயராலேயே, அந்நஹ்ல் என்று, அமைந்திருக்கிறது. ஆனாலும் எமது வர்த்தகர்களில் பலருக்குத் தேனீ என்றால் தேன் போத்தல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. பூச்சிகளின் மகரந்தச் சேர்க்கையால் நேரடியாகக் கிடைக்கும் விளைச்சலின் பெறுமதி உலக அளவில் ஆண்டுக்கு 235 முதல் 577 பில்லியன் டொலர் வரை என்று 2016ஆம் ஆண்டு சர்வதேச அறிக்கையொன்று கணக்கிட்டது. தேன் வியாபாரம் இதன் அருகில்கூட வராது.

கீரிமலையை எடுத்துக்கொள்வோம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தோட்டம் செய்தவரும் விளைச்சலை வாங்கி விற்றவரும் ஒரே ஆண்டில் இல்லாமல் போனார்கள். 2010க்குப் பிறகு காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, இருபது, இருபத்தைந்து வருடப் பற்றைக்குள் வளவைத் தேட வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் முதலில் செய்வது பற்றையைத் துப்புரவாக்குவதுதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழத் தோட்டம் போட நினைப்பவர் வேலியோரத்துப் பற்றையில் ஒரு பகுதியையாவது விட்டுவைப்பது நல்லது. கொம்புத்தேனீ அதில்தான் கூடு கட்டும். கொட்டாத கொசுத்தேனீ பழஞ்சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும். பெரிய கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்து முட்டையிடும். இவற்றுக்குக் கூலியும் இல்லை, பெட்டியும் தேவையில்லை.

காட்டுப் பூச்சிகளைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் 41 பயிர்த் தொகுதிகளில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியானது. பெட்டித் தேனீ வருவதைவிடக் காட்டுப் பூச்சிகள் வருவது காய்பிடிப்பை இருமடங்கு கூட்டுகிறது என்பது அதன் முடிவு. பெட்டி வைத்தால் போதும் என்பது தவறான கணக்கு.

எல்லாப் பயிருக்கும் தேனீ வேண்டும் என்பதும் தவறுதான். நீர்வேலி வாழைக்காரர் தேனீயை நம்பி இருக்கத் தேவையில்லை. வாழைக் குலைக்கு மகரந்தமே வேண்டியதில்லை. முந்திரிகை தன் பூவிலேயே காய்த்துக்கொள்ளும். மாவுக்குத் தேனீயோடு இலையானும் முக்கியம். தைவானில் மாந்தோப்புக்குள் மீன் கழிவு வைத்து இலையானை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள்! மஞ்சள் கொடித்தோடைக்கோ கருவண்டு வேண்டும். ஒரே கொடியின் மகரந்தத்தால் அது காய்க்காது. சிறு தேனீக்கள் மகரந்தத்தை அள்ளிப் போகுமே தவிர, உயரத்தில் இருக்கும் சூல்முடியை உரசுவதில்லை.

தேனீயின் அருமை கண்ணுக்குத் தெரியும் பயிர் வத்தகை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் கிடையாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் சுமார் 1,000 மகரந்த மணிகள் சூல்முடியின் மூன்று பிரிவிலும் பரவலாக விழ வேண்டும். அதற்குத் தேனீ எட்டுத் தடவையாவது வந்துபோக வேண்டும். குறைந்தால் பிஞ்சு உதிரும், அல்லது ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிய காய் வரும். சந்தையில் கழிவு விலைக்குத் தள்ளப்படும் கோணல் காய்களில் பலவற்றுக்கு மண்ணோ உரமோ காரணமல்ல. வெள்ளரிக்கும் பூசணிக்கும் இதே கதைதான்.

இந்நிலையில் காலை ஏழு மணிக்குத் தெளிகருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவது கைமுதலில் தீ வைப்பதற்குச் சமம். மாம்பூவில் தத்துப்பூச்சி வரும்போது மருந்தடிக்காமல் இருக்கச் சொல்ல முடியாதுதான். ஆனால் பூ விரியும் முன் அடிக்கலாம். முடியாவிட்டால், தேனீ கூடு திரும்பிய பின் மாலையில் அடிக்கலாம். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடிக்குள் ஊறி மகரந்தத்திலும் தேனிலும் சேர்வதால், பூக்காலத்தில் மாலையில் அடித்தாலும் ஆபத்து நீங்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதையும் இதே இனத்து வேறு இரண்டு மருந்துகளையும் திறந்த வெளியில் பாவிப்பதைத் தடை செய்தது. குத்தகை எடுப்பவருக்கு இங்கே ஒரு பலம் உண்டு. காசு அவருடையது. எந்த மருந்து, எந்த நேரம் என்பதைப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழம் பக்குவமடைவது தெரியவரும் முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. சட்ட விளக்கத்தை உலமாக்களிடம் கேட்டறிய வேண்டும். வியாபாரக் கணக்கில் பார்த்தாலும், பூவுக்குக் கொடுக்கும் பணம் வராத பூச்சிக்குக் கொடுத்த பணமாகிவிடலாம். காய் திரண்ட பின் பேசினால் விலை சற்றுக் கூடும், ஆனால் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

பெட்டி வைக்க விரும்புவோருக்கு: எமது நாட்டில் பெட்டியில் வளர்வது உள்ளூர்ப் பொந்துத்தேனீ. விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவயில் இயங்குகிறது. இந்தத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள்தான் இரை தேடும். எனவே பக்கத்துத் தோட்டக்காரர் எப்போது மருந்தடிக்கிறார் என்பதையும் விசாரித்து வைக்க வேண்டும். பெட்டியை இரவில் கொண்டு போகவும். வத்தகையில் பூ விரியத் தொடங்கிய பின் வைக்க வேண்டும், முந்தி வைத்தால் வேறு பூவுக்குப் பழகிவிடும். நிழல், பக்கத்தில் தண்ணீர், எறும்பு ஏறாமல் கால்களுக்கு நீர்க் கிண்ணம், இவை இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு நாள் கூட்டத்தோடு பறந்து போய்விடும், பெட்டி மட்டும் மிஞ்சும்.