உங்களுக்குத் தெரியுமா? தலையில் ஊற்றிய தைலம்

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவுக்கு அந்தப் பெயர் ஹப்சிகளால், அதாவது அபிசீனியர்களால் வந்தது என்பார்கள். நிஜாமின் படையில் ஆப்பிரிக்கர்கள் இருந்ததற்கு அதே நகரின் ஏ.சி. கார்ட்ஸ் பகுதி சாட்சி. 'ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்', அதாவது ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் என்பதன் சுருக்கம் அது. குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அபிசீனியாவின், அதாவது இன்றைய எத்தியோப்பியாவின், மன்னர்கள் தங்களை வேதாகமத்துச் சாலொமோன் மன்னரின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர்கள். கடைசிப் பேரரசர் ஹெய்லி செலாசிக்கு 1930 நவம்பர் 2 அன்று அடிஸ் அபாபாவில் முடிசூட்டியபோது, சாலொமோனுக்குச் செய்ததுபோலவே தைலம் பூசித்தான் மன்னராக்கினார்கள்.

★

வேதாகமம் சொல்லும் அபிஷேகத் தைலத்தின் செய்முறை யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்துக்கொண்டால், எண்ணெய் நீங்கலாகச் சரக்கு மட்டுமே 16 கிலோவைத் தாண்டும். ஒலிவ எண்ணெயைத் தவிர்த்தால், நம் நாட்டு மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்தே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு இதே கலவையைத் தயாரித்தவனை ஜனத்திலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்பது கட்டளை.

★

வேதாகமத்தில் முதலில் எண்ணெய் ஊற்றப்பட்டது மனிதர் தலையில் அல்ல, கல்லில். தலைக்கு வைத்துத் தூங்கிய கல்லையே நட்டு நிறுத்தி, அதன் மேல் எண்ணெய் வார்த்தார் யாக்கோபு. கல்லுக்கு எண்ணெய்க்காப்பு நமக்கொன்றும் புதிதில்லை.

★

ஈசாயின் ஏழு பிள்ளைகளையும் தாண்டிப்போய், ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டி தாவீதை அழைத்துவரச் சொல்லி, கொம்பிலிருந்த தைலத்தை அவன் தலையில் ஊற்றினார் தீர்க்கதரிசி சாமுவேல். அரியணை உடனே கிடைக்கவில்லை. பையன் திரும்பவும் ஆடு மேய்க்கத்தான் போனான். பிற்பாடு தன்னைக் கொல்லத் துரத்திய மன்னர் சவுல், எங்கேதியில் ஒரு குகைக்குள் தனியாகச் சிக்கியபோதும் தாவீது கை வைக்கவில்லை. சால்வையின் ஓரத்தை அறுத்ததோடு சரி. காரணம், சவுலும் தைலம் வார்க்கப்பட்டவர். ஆள் கெட்டுப்போனாலும் அபிஷேகத்துக்கு மரியாதை உண்டு.

★

ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் கர்த்தரால் அபிஷேகம் பெற்றவர் என்ற பட்டம் போவது ஒரு யூதருக்கு அல்ல, பாரசீக மன்னர் கோரேசுக்கு. சைரஸ் என்றால் சரித்திரப் புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் தலையில் யாரும் எண்ணெய் ஊற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

★

ஆரோன் ஆசாரியரானபோது ஆட்டுக்கடாவின் இரத்தத்தை வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் தடவினார்கள். குஷ்டம் நீங்கி ஊருக்குள் திரும்புகிறவருக்கும் அதே மூன்று இடங்களில் இரத்தம். அதன் மேல் எண்ணெய் வேறு. மீதி எண்ணெய் அவர் தலையில். பாளையத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்தவரை ஆசாரியருக்கு நிகராக வரவேற்கும் இந்த இடத்தை (லேவியராகமம் 14) பிரசங்கங்களில் அதிகம் தொடுவதில்லை என்பது என் குறை.

★

மேசியா, கிறிஸ்து இரண்டுக்கும் அபிஷேகம் பெற்றவர் என்றுதான் பொருள். ஆனால் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றியது எந்தத் தீர்க்கதரிசியும் அல்ல, பெத்தானியாவில் ஒரு பெண். 300 தினாருக்கு மேல் விலைபோகக்கூடிய நளத தைலம்; ஒரு தினார் ஒரு நாள் கூலி என்றால் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. வீண் செலவு என்று முணுமுணுத்தவர்களிடம், அடக்கத்துக்கான ஆயத்தம் இது என்றார் இயேசு. நளதம் நம் சடாமாஞ்சில்தான், இமயத்தின் உயரங்களில் விளையும் வேர் என்று அடையாளம் காண்கிறார்கள். கங்கைச் சடாமாஞ்சில் சேர நாட்டு முசிறி வட்டாரத் துறைகளில் கப்பலேறியதை கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் முசிறிச் சரக்கேற்றிய ஹெர்மபொல்லோன் கப்பலில் சடாமாஞ்சில் 60 பெட்டிகள் இருந்த கணக்கு, வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டில் கிடைத்திருக்கிறது. பெத்தானியா வீட்டை நிறைத்த வாசனை நம் துறைமுகம் வழியாகப் போயிருக்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது.

★

2023 மே மாதம் பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லசின் முடிசூட்டு விழாவை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது, தைலம் பூசிய நிமிடங்கள் நீங்கலாக. அதைத் திரை கட்டி மறைத்துவிட்டார்கள். எண்ணெய், எருசலேமின் ஒலிவ மலைத் தோப்புகளிலிருந்து வந்தது.

★

ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோனி 2022இல் கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால். அந்தப் பதவிக்குத் தைலம் கிடையாது, சிவப்புத் தொப்பிதான். அவர் தலையில் தைலம் பூசியது 2008இல், கர்நூல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது. குருக்களுக்கு உள்ளங்கையில், ஆயருக்குத் தலையில் என்பது கத்தோலிக்க வழக்கம்.

★

அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் வந்துவிட்டார் என்றால் கத்தோலிக்க வீட்டில் அழுகை தொடங்கிவிடும் காலம் இருந்தது. இப்போது அதை நோயில்பூசுதல் என்கிறார்கள். சாகக் கிடப்பவருக்கு மட்டுமல்ல, கடும் நோயில் படுத்தவருக்கும், அதற்காக அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கும் நெற்றியிலும் கைகளிலும் பூசலாம். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெய் போதும் என்று 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அனுமதித்தார். நல்லெண்ணெயும் செல்லும், தேங்காய் எண்ணெயும் செல்லும்.