விற்பவர் கைக்கு எவ்வளவு வந்து சேரும்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"கையிலே காசு, வாயிலே தோசை" என்பது நம் முன்னோர் மொழி. கடைக்கு நேரில் சென்று காசைக் கொடுத்துப் பொருளை வாங்கிய காலத்தில் அது முற்றிலும் பொருந்தியது. இன்றோ பழவேற்காட்டில் பனை ஓலைப் பெட்டி முடையும் பெண்ணுக்குக் கோயம்புத்தூரிலிருந்து கைப்பேசி வழியாக ஆர்டர் வருகிறது. பொதட்டூர்பேட்டையில் நெய்யும் சேலையை மும்பையில் இருப்பவர் படம் பார்த்து வாங்குகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர் தெருமுனைக் கடையில் தேநீருக்குக் கூட கைப்பேசியைத்தான் நீட்டுகிறார். காசு கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. வரும் வழியில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிந்துகொள்வது மிக அவசியமாகும்.

அன்றும் இடைக்காலத்திலும்

தொலைவிலிருந்து பணம் அனுப்புவதற்குக் கட்டணம் என்பது புதிதன்று. இந்தியத் தபால் துறை மணியார்டரை 1880-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் என்ற விகிதத்தில் கமிஷன் வாங்கப்பட்டது. அந்தக் கணக்கில் 250 ரூபாய் அனுப்ப 13 ரூபாய் ஆகும். பொருளைத் தபால்காரர் கொடுக்கும்போதே விலையை வாங்கி விற்றவருக்கு அனுப்பும் வி.பி.பி. முறையும் 1877 முதல் இருந்தது.

பின்னர் இணைய ஏலம் வந்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய பாஸீ.காம் என்னும் இந்திய ஏலத் தளத்தை 2004-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் வாங்கியது. மீன் இறங்குதளத்தில் ஏலம் போகும்போது விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். மீனும் கண்முன் கிடக்கிறது. இணைய ஏலத்திலோ ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "பணம் அனுப்பிய பின் பொருள் வராவிட்டால்?" என்று இவர் அஞ்சுவார். "பொருள் அனுப்பிய பின் பணம் வராவிட்டால்?" என்று அவர் அஞ்சுவார். இந்த அச்சத்தைப் போக்க ஈபே 'பைசாபே' என்ற முறையை வைத்திருந்தது. வாங்குபவரின் பணத்தை நடுவில் நிறுத்தி வைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகே விற்றவருக்குக் கொடுக்கும் முறை அது. ஈபேயின் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் இன்றும் பொருந்தும். நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி பணத்தைச் சுமந்து வருவதற்கான கூலி. மறுபகுதி நம்பிக்கைக்கான விலை.

இன்றுள்ள வழிகள்

முதலாவது யு.பி.ஐ. என்.பி.சி.ஐ. எனப்படும் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதனை 2016-இல் கொண்டுவந்தது. கூகுள் பே, போன்பே, பேடிஎம், அரசின் பீம் ஆகிய செயலிகள் எல்லாம் இந்த ஒரே பாதையில் ஓடும் வெவ்வேறு பேருந்துகள் போன்றவை. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் தள்ளுபடிக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது விதி. பணமும் உடனே வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் வாங்குபவர் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பாமல் 'வாலட்' எனும் பணப்பையிலிருந்து அனுப்பினால், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் பெரிய வணிகர்களுக்கு 1.1 சதவீதம் வரை கட்டணம் உண்டு. இது 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது டெபிட் கார்டு. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகரிடம் 0.40 சதவீதத்திற்கு மேல் வாங்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி முதல் வரம்பு விதித்துள்ளது. கிரெடிட் கார்டுக்கு இத்தகைய வரம்பு இல்லை, கட்டணமும் அதிகம்.

மூன்றாவது 'பேமென்ட் கேட்வே'. சொந்த இணையக் கடை வைத்திருப்போருக்கு கார்டு, யு.பி.ஐ., வங்கி ஆகிய எல்லா வழிகளிலும் பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் இவை. இவற்றின் பொதுவான கட்டணம் 2 சதவீதம் அளவில் இருக்கும். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. யு.பி.ஐ. வழியாகப் பணம் வந்தாலும் சேவைக் கட்டணம் என்று வாங்குவோரும் உண்டு. பணம் பெரும்பாலும் ஓரிரு வேலைநாட்கள் கழித்தே கைக்கு வரும்.

நான்காவது வெளிநாட்டு விற்பனைக்கான பேபால். உள்நாட்டுப் பரிவர்த்தனையை இந்நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் பெற 4 சதவீதத்திற்கு மேல் கட்டணமும், ஒவ்வொரு முறையும் ஒரு நிலையான தொகையும், டாலரை ரூபாயாக மாற்றுவதில் ஒரு கழிவும் ஏற்படும். ஆகவே ஒரே ஒரு சிறு பெட்டியை அனுப்புவதைவிடப் பல பெட்டிகளை ஒரே ஆர்டராக அனுப்புவதே லாபமாகும்.

கணக்குப் பார்ப்போம்

ஓலைப் பெட்டி ஒன்றின் விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓலை, சாயம், உழைப்பு போக நிற்கும் லாபம் 50 ரூபாய் என்போம்.

யு.பி.ஐ. வழியில் கழிவு இல்லை. லாபம் 50 ரூபாய்.
டெபிட் கார்டு வழியில் அதிகபட்சமாக 1 ரூபாய் போகும்.
கேட்வே வழியில் 5 ரூபாயும் வரி 90 காசும் போக, லாபம் 44 ரூபாய் 10 காசு.

"இரண்டு சதவீதந்தானே!" என்று எண்ணலாம். அது விலையில் இரண்டு சதவீதம். லாபத்தில் பார்த்தால் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு! மாதம் 40 பெட்டிகள் விற்றால் 236 ரூபாய் போய்விடும். அதாவது ஏறக்குறைய ஐந்து பெட்டிகளின் லாபம். பெரிய நிறுவனத்திற்கு இது பொருட்டன்று. குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க நினைக்கும் தாய்க்கு இது பெரிய தொகை.

அப்படியானால் கேட்வே வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. நாளொன்றுக்கு மூன்று நான்கு பேர், அதுவும் தெரிந்தவர்கள் வாங்கினால் யு.பி.ஐ. போதும். முன்பின் தெரியாத ஐம்பது பேர் வாங்கும்போது, எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு உரியது என்று தேடவும், திரும்பிய பொருளுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பவும் நேரம் போதாது. அந்த நேரத்தில் இன்னொரு பெட்டி முடையலாம். தம் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு என்ன என்று தெரிந்தவரே எந்தக் கட்டணம் தகும் என்று சொல்ல வல்லவர்.

இலவசத்தின் பின்னால்

கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று பொருளன்று. வங்கிகளின் கணினிகளும் ஊழியரும் இரவும் பகலும் இயங்குகின்றனர். இதற்காக அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-ஆம் ஆண்டுக்குச் சிறு வணிகரிடம் 2,000 ரூபாய் வரை நடக்கும் யு.பி.ஐ. பரிவர்த்தனைகளுக்காக 1,500 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களின் வரிப்பணமே அந்தச் சுமையைத் தாங்குகிறது. விதி நாளை மாறினாலும் மாறலாம். ஆகவே விற்பவர் ஒரே வழியை மட்டும் நம்பியிராமல் தம் கணக்கை எழுதி வைத்துக்கொள்வது நன்று.

கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு

ஏமாற்றுக்காரரிடம் இழந்தால் இரண்டு சதவீதமல்ல, முழுப் பணமும் போகும். மூன்று செய்திகளை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கு மட்டுமே தேவை. "பணம் அனுப்பிவிட்டேன்" என்று வரும் படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்த பின்பே பொருளை அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மீட்க வழியுண்டு.

அன்புத் தோழியரே! காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை நம் ஆண்டவர் கவனித்தார். சிறு தொகை சிறியவர்க்குப் பெரிது என்பதை அவர் அறிந்திருந்தார். நாம் பள்ளியிலேயே சதவீதம் கற்றோம். தேர்வுத் தாளில் மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதாது. உங்கள் தாயோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோ எதையேனும் விற்பவராக இருந்தால், ஒரு மாலை அவருடன் அமர்ந்து ஒரு மாதத்திற்கு எவ்வளவு கழிகிறது என்று கூட்டிப் பாருங்கள். உழைத்தவர் கைக்கே உழைப்பின் பயன் போய்ச் சேரட்டும்!