தகைவிலான் தாழப் பறந்தால் மழை

ஷானன் ஆற்றங்கரைப் புல்வெளி, அயர்லாந்து

குளிர்காலத்தில் ஆற்று வெள்ளம் ஏறி நிற்கும் இந்த நிலத்தில் கோடையில்தான் புல் அறுக்க முடியும். அறுத்த புல் காய்வதற்குள் மழை பிடித்தால் மாட்டுத் தீவனம் பாழ். அதனால் இங்குள்ள உழவர்கள் அரிவாளைத் தொடுமுன் பறவைகளைப் பார்த்தார்கள்.

தகைவிலான் தரையை உரசிப் பறந்தால் மழை. உயரத்தில் வட்டமிட்டால் வெயில். இதில் உண்மை உண்டு. அது பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பறவை. வெயில் நாளில் தரையிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்று பூச்சிகளை மேலே கொண்டுபோகும். குளிர்ந்து ஈரம் கூடினால் அவை தாழவே நிற்கும். இரை இருக்கும் உயரத்தில் பறவையும் இருக்கிறது.

கடற்காகம் உள்நாட்டுக்கு வந்தால் கரையில் புயல் என்பார்கள். உழுத வயலில் புழு பொறுக்கவும் அது வரும் என்பதால் இந்தக் குறியை அவ்வளவாக நம்ப முடியாது.

1937–39இல் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு நோட்டுகளில் எழுதிய வழக்காறுகளில் வானிலைக் குறிகளும் உண்டு. அந்த நோட்டுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன.

மழைக்குக் கட்டியம் கூறுவதாக நம்பப்பட்ட இன்னொரு குரல், வளைந்த நீள அலகுள்ள கர்லூவினுடையது. அந்தக் குரலைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம். 1980களின் பிற்பகுதிக்கும் 2015–17க்கும் இடையே அயர்லாந்தில் கூடு கட்டும் கர்லூக்கள் 96 விழுக்காடு குறைந்தன. 2015–17 கணக்கெடுப்பில் தேறியவை 138 இணைகள்தாம். குளிர்காலத்தில் பெருங்கூட்டமாகத் தெரிபவற்றில் பெரும்பாலானவை வட ஐரோப்பாவிலிருந்து வருபவை.

கர்லூ தரையில் முட்டையிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாயைக் கயிற்றில் பிடித்தபடி, பாதையை விட்டு விலகாமல் நடக்கவும்.