சார்லமேன் வீட்டுப் பெண், மிவில் வீட்டு மருமகள்

கனடாவின் கியூபெக் நகரில் 1669 அக்டோபர் 19 அன்று ரொமேன் பெக்கே என்ற நோட்டரி ஒரு திருமண ஒப்பந்தத்தை எழுதினார். மாப்பிள்ளை ழாக் மிவில். காடு திருத்திப் பயிர் செய்யும் குடியேறி. பத்து வயதளவில் பெற்றோருடன் பிரான்சிலிருந்து வந்தவர். மணப்பெண் கத்ரீன் த பயோன். வயது இருபத்துநான்கு இருக்கும். அந்த ஆண்டுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். பெண்ணின் தந்தை அல்ஃபோன்ஸ் த பயோன் மஸ்கொத்ரி என்ற நிலத்துக்கு உரிய சிறு பிரபு. தாய் லூயிஸ் த மார்ல். ஊர், பாரிஸுக்குத் தென்மேற்கே ஷெவ்ரூஸ் பக்கத்தில் உள்ள லே லே. பெண் தன்னுடன் கொண்டுவந்த சொத்தின் மதிப்பு 1,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). நவம்பர் 12 அன்று தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

எழுதியபோது யாரும் இந்தத் தாளைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். அந்த மாதம் கியூபெக்கில் எழுதப்பட்ட பல ஒப்பந்தங்களில் இதுவும் ஒன்று. முந்நூறு ஆண்டு கழித்து வம்சாவளி ஆய்வாளர்கள் கத்ரீனின் மூதாதையரைத் தேடிப் புறப்பட்டது இந்த இரண்டு பெற்றோர் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான். தேடல் போய் நின்ற இடம், கி.பி. 814-இல் இறந்த பேரரசர் சார்லமேன்.

கத்ரீன் கனடாவுக்கு வந்ததன் பின்னணியில் ஓர் எண்ணிக்கைச் சிக்கல் இருக்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த குடியேற்றம் அரை நூற்றாண்டு கடந்தும் வளரவில்லை. நிர்வாகி ழான் தலோன் 1666-இல் எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 3,215 பேர். ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. பெண் கிடைக்காத ஆண்கள் தோல் வணிகத்துக்காகக் காடுகளில் அலைந்தார்கள், அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். இதற்குப் பதினான்காம் லூயியும் அவருடைய அமைச்சர் கொல்பேரும் கண்ட வழி, அரசுச் செலவில் மணமாகாத பெண்களை அனுப்புவது. (பின்னாளில் புதுச்சேரியில் கால் ஊன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தை 1664-இல் உருவாக்கியவரும் இதே கொல்பேர்தான்.) 1663 முதல் 1673 வரை இப்படி வந்தவர்கள் ஏறத்தாழ 770 பேர் என்பது வரலாற்றறிஞர் இவ் லாந்த்ரியின் கணக்கு. ‘அரசரின் மகள்கள்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. பெரும்பாலோர் ஏழைகள். தந்தையை இழந்தவர்கள் அதிகம். பாரிஸின் சால்பெத்ரியேர் ஆதரவு இல்லத்திலிருந்து வந்தவர்கள் பலர். மணம் முடிக்கும் பெண்ணுக்கு அரசர் தரும் நன்கொடை வழக்கமாக 50 லிவ்ர். திட்டம் வேலை செய்தது. 1663-இல் மூவாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை பத்து ஆண்டுகளுக்குள் இரட்டிப்பானது.

பிரபு வீட்டுப் பெண்கள் இந்தக் கூட்டத்தில் மிகச் சிலரே. படை அதிகாரிகளுக்கு மணமுடிக்க நல்ல குடியில் பிறந்த சில பெண்களையும் அனுப்பச் சொல்லித் தலோன் பாரிஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கத்ரீன் அந்த வகையில் வந்திருக்கக்கூடியவர். ஆனால் அவரைக் கைப்பிடித்தவர் அதிகாரி அல்ல. ழாக்கின் தந்தை பியர் மிவில் சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் ஊர்க்காரர், தச்சர். பிரான்சின் புரூவாஜ் கோட்டைப் பக்கம் வாழ்ந்துவிட்டு 1649-இல் குடும்பத்தோடு கனடா வந்தவர். ஊரில் அவரை ‘சுவிஸ்காரர்’ என்றே அழைத்தார்கள். கப்பலில் வந்த வேலையாட்களைப் பலவந்தமாக அழைத்துப்போக முயன்றதற்காக 1664-இல் அவருக்கு அபராதம் விதித்து, கியூபெக் நகருக்குள் நுழையவும் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டே அரசப் பிரதிநிதி திராசி, அவருக்கும் அவர் மகன்களுக்கும் இன்னும் சில சுவிஸ்காரர்களுக்கும் ஆற்றின் தென்கரையில் நிலம் வழங்கினார். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் தண்டனையும் மானியமும் இப்படி அடுத்தடுத்து வருவதில் வியப்பில்லை. ஒப்பந்தம் எழுதப்பட்ட அதே அக்டோபரில் பியர் மிவில் காலமானார். திருமண நாளில் மணப்பெண்ணின் குடும்பத்தாரும் அட்லாண்டிக்கின் அக்கரையில்தான் இருந்தார்கள்.

அந்தத் தென்கரை நிலத்தில் ழாக்கின் பங்குக்குத் தெஷேன் என்று பெயர். ஒரே பெயர் கொண்ட குடும்பங்களைப் பிரித்தறிய இப்படி ஒரு கூடுதல் பெயர் சேர்ப்பது அங்கே பரவலான வழக்கம். ழாக் மிவில் ஆவணங்களில் ‘மிவில் என்கிற தெஷேன்’ ஆனார். வம்சாவளி தேடுவோருக்கு இது பெரிய தொல்லை: அண்ணன் பிள்ளைகள் மிவில், தம்பி பிள்ளைகள் தெஷேன், சிலருக்கு இரண்டும்.

கத்ரீனுக்கு ஆறு குழந்தைகள். குடும்பம் இன்றைய லா பொக்கத்தியேர், ரிவியர்-உவெல் பகுதியில் வாழ்ந்தது. கியூபெக் நகரிலிருந்து ஆற்றோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் கீழ்நோக்கிப் போனால் வரும் இடம். அன்று குடியேற்றத்தின் விளிம்பு. ஆற்றைத் தொட்டுத் தொடங்கிக் காட்டுக்குள் நீளும் குறுகிய வயல்கள். பிரபுக் குடியில் பிறந்தவர், மரவீட்டில் ஆறு மாதப் பனியைக் கழிக்கும் குடியானவர் மனைவியாகப் பதினெட்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்தார். 1688 ஜனவரி இறுதியில் கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் இறந்ததை ரிவியர்-உவெல் தேவாலயப் பதிவேடு காட்டுகிறது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தட்டம்மையும் டைஃபஸ் காய்ச்சலும் குடியேற்றத்தைப் பலமாகத் தாக்கியிருந்தன.

சாதாரணக் குடியானவர் மனைவி ஒருவரைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரிகிறது? பிரெஞ்சுக் கனடாவின் ஆவணங்கள் உலகிலேயே முழுமையானவற்றுள் சேரும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குக் குருமார் எழுதிவைத்தார்கள். பின்னர் ஒரு பிரதி தேவாலயத்திலும் ஒரு பிரதி நீதிமன்றத்திலும் வைக்கும் முறை வந்தது. ஒன்று எரிந்தாலும் மற்றொன்று மிஞ்சும். இந்த முறை வருவதற்கு முன் 1640 ஜூனில் கியூபெக் தேவாலயம் எரிந்தபோது பதிவேடுகளும் சாம்பலாயின. ஊர்க்காரர்களின் நினைவைக் கேட்டு அவற்றை மீண்டும் எழுதவேண்டி வந்தது. அப்போது ஊர் அவ்வளவு சிறியது என்பதால் அதுவும் முடிந்தது.

பெண்களைத் தேடுவோருக்கு இன்னொரு வசதி உண்டு. பிரெஞ்சுச் சட்ட வழக்கப்படி மணமான பெண் ஆவணங்களில் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவார். கத்ரீன் சாகும்வரை கத்ரீன் த பயோன்தான். திருமணப் பதிவில் இரு தரப்புப் பெற்றோர் பெயரும் எழுதப்படும். ஆகவே இன்று வாழும் ஒருவர் தன் தாத்தா பாட்டியின் திருமணப் பதிவில் தொடங்கி, ஒவ்வொரு திருமணமாகப் பின்னே நகர்ந்து, ஒன்பது பத்து தலைமுறையில் கப்பலேறி வந்தவர்வரை போய்விட முடிகிறது. இந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தவர் சிப்ரியேன் தாங்கே என்ற பாதிரியார். அவருடைய வம்சாவளி அகராதி 1871-க்கும் 1890-க்கும் இடையில் ஏழு தொகுதிகளாக வந்தது. பிழைகள் நிறைய இருந்தாலும் அடித்தளம் அதுதான். 1966-இல் மொண்ட்ரியால் பல்கலைக்கழகம் எல்லாப் பதிவேடுகளையும் கணினியில் ஏற்றி ஒவ்வொரு மனிதரையும் அடையாளம் காணும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பங்கெடுத்த ரெனே ழெத்தே, 1730 வரையான குடும்பங்களின் புதிய அகராதியை 1983-இல் வெளியிட்டார்.

நோட்டரி ஆவணங்கள் இதைவிட வளமானவை. பாரிஸ் நகரச் சட்ட வழக்கமே கனடாவிலும் நடந்தது. அதன்படி திருமணத்துக்குப் பின் சேர்க்கும் சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொது. விதவைக்கு ஒரு பங்கு உறுதி. சொத்துப் பேச்சு இருப்பதால் ஒப்பந்தம் எழுதாத வீடு குறைவு. ஒப்பந்தம் என்றால் பெற்றோர் பெயர், ஊர், சாட்சிகள், சீர்வரிசை எல்லாம் வரும். ஒருவர் இறந்தால் வீட்டிலுள்ள பானை சட்டி முதல் மாடு வரை பட்டியல் போடப்படும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் பாதுகாவலரை நியமிக்க உறவினர் கூட்டப்படுவார்கள். அந்தக் கூட்டத்தின் பெயர்ப் பட்டியலே ஒரு குடும்ப வரைபடம்.

சிக்கல் கடலைத் தாண்டும் இடத்தில். கனடாப் பதிவு ஒரு பெண்ணின் ஊரைச் சொல்லும். பிரான்சில் அந்த ஊரின் 1640-களின் பதிவேடு அழிந்திருந்தால் பாதை அங்கேயே நின்றுவிடும். பதிவேடு இருந்தாலும் அது அவருடைய பாட்டன் காலத்தோடு முடிந்துவிடும். பிரான்சில் ஞானஸ்நானங்களைப் பதியும்படி அரசர் ஆணையிட்டதே 1539-இல்தான். உழவர் வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு அப்பால் தாளே கிடையாது. அரசரின் மகள்களில் பெரும்பாலோரின் மூதாதையர் பட்டியல் இரண்டு மூன்று தலைமுறையில் தீர்ந்துபோவது இதனால்தான்.

கத்ரீனின் குடும்பம் பிரபுக் குடும்பம் என்பதால் கதை வேறு. பிரெஞ்சுப் பிரபுக்களுக்கு வரிவிலக்கு உண்டு. போலிகளைக் களைய அரசு ஒவ்வொரு குடும்பத்தையும் பத்திரங்களைக் காட்டச் சொன்னது. பதினான்காம் லூயி காலத்தில் இந்தச் சோதனை தீவிரமானது. நிலம் வாங்கிய பத்திரம், பாகப் பிரிவினை, வரதட்சணை ரசீது, மேலாதிக்கப் பிரபுவுக்கு விசுவாசம் சொன்ன சாசனம் எனக் குவிந்த தாள்களில் கணிசமான பகுதி பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ழெத்தேயும் ஜான் டுலாங், ரோலான்-இவ் கான்யோன், கெயில் மோரோ ஆகியோரும் சேர்ந்து இவற்றைச் சலித்து, 1997-இல் மொண்ட்ரியாலின் பிரெஞ்சு-கனடிய வம்சாவளிக் கழகத்தின் இதழில் கத்ரீனிலிருந்து சார்லமேன் வரையிலான தொடரை வெளியிட்டார்கள். பாதை தாயின் வழியாகப் போகவில்லை. அல்ஃபோன்ஸின் தாய், அதாவது கத்ரீனின் அப்பாயி ரெனே மயார் வழியாக மேலேறி, 1180 முதல் 1223 வரை பிரான்சை ஆண்ட இரண்டாம் பிலிப்பையும் தொட்டு, சார்லமேனை அடைகிறது. பின்னர் 2001-இல் கத்ரீனின் பன்னிரண்டு தலைமுறை மூதாதையரைத் தனி நூலாகவும் கொண்டுவந்தார்கள்.

இத்தகைய வேலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனிச் சான்று வேண்டும். இவ்வளவு நீண்ட தொடரில் ஒரு கண்ணி பொய் என்றாலும் அதற்கு மேலே உள்ள அரசர்கள் எல்லோரும் உதிர்ந்துவிடுவார்கள். பழைய குடும்ப வரலாறுகளை அப்படியே நம்பவும் முடியாது. பெருமைக்காகவும் வரிவிலக்குக்காகவும் மூதாதையரை ‘வாங்கிய’ குடும்பங்கள் அன்று ஏராளம். ஆகவே அச்சிட்ட வம்சாவளியைப் புறத்தே வைத்து, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட மூலப் பத்திரத்தைத் தேடுவதுதான் முறை. கனடாவுக்கு வந்த பலருக்கு முன்பு சூட்டப்பட்ட அரச வம்சங்கள் இந்தச் சோதனையில் தேறாமல் போயிருக்கின்றன.

சார்லமேன் வழிவந்தவர் என்பதில் உயிரியல் வியப்பு ஏதுமில்லை. எவருக்கும் மூதாதையர் எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகும். கத்ரீனிலிருந்து சார்லமேன் காலத்துக்குச் சுமார் 27 தலைமுறை. கணக்குப்படி 13 கோடிக்கு மேற்பட்ட இடங்கள். அத்தனை பேர் அன்றைய ஐரோப்பாவில் இல்லை. ஒரே ஆட்களே பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார்கள். கத்ரீனோடு கப்பலில் வந்த ஆதரவு இல்லத்துப் பெண்ணும் ஏதோ ஒரு வழியில் சார்லமேனின் வம்சமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவரிடம் பத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

பத்திரம் இல்லாத இடத்தில் அண்மைக்காலத்தில் மரபணு கைகொடுக்கிறது. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, தாய், தாயின் தாய் என்ற வரிசையை அப்படியே காட்டும். கியூபெக்கில் இளவயதில் பார்வையைப் பறிக்கும் லெபர் நரம்பு நோயாளிகளின் தாய்வழியை ஆராய்ந்தவர்கள், அந்த மரபணு மாற்றத்தைக் கொண்டுவந்தவர் அரசரின் மகள்களில் ஒருவர் என்று 2005-இல் கண்டறிந்தார்கள். பெண்களின் பெயரைத் தலைமுறைதோறும் காத்த பதிவேடுகள் இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது. மரபணுச் சோதனை மட்டும் பெயர் சொல்லாது. தேவாலயத் தாளும் சேர்ந்தால்தான் ஆள் கிடைப்பார்.

கத்ரீனின் பிள்ளைகள் அக்கம்பக்கத்துக் குடியேறிகளின் பிள்ளைகளை மணந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் நிறைய. 1840-க்கும் 1930-க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர் அமெரிக்காவின் நெசவாலை நகரங்களுக்கும் மரக்காடுகளுக்கும் பிழைக்கப் போனபோது அவர்களோடு இந்த வம்சமும் எல்லை தாண்டியது. இன்று அதில் வந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் இரு நாடுகளிலும் இருக்கிறார்கள். கியூபெக்கில் மிவில், தெஷேன், மிவில்-தெஷேன் ஆகிய மூன்று குடும்பப் பெயர்களும் இப்போதும் வழக்கில் உள்ளன. பயோன் என்ற பெயர் மட்டும் அங்கே கத்ரீனோடு நின்றுவிட்டது.