கல்லாக் கடிகாரமும் வைண்டர் பெட்டியும்

நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் நம் போன்றோருக்கு ஆட்டோமேடிக் கைக்கடிகாரம் ஒரு தொல்லைதான். அதற்குப் பாட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு உண்டு. கை அசையும்போது அது சுழன்று வில்லை முறுக்கும். கை அசையாவிட்டால் வில் தளர்ந்து கடிகாரம் நிற்கும். மூட்டை இறக்கிப் பொட்டலம் மடிக்கும் கடைப்பையன் கட்டினால் ஓடும், முதலாளி கட்டினால் நிற்கும்.

1991இல் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சீகோ 5 அது. சனிக்கிழமை இரவு கழற்றி வைத்தவன், திங்கள் காலை நாலு குலுக்குக் குலுக்கி, மணி வைத்துக் கட்டிக்கொண்டேன். அன்று முழுக்கப் பேரேடு பார்க்கும் வேலை. குண்டூர் மிளகாய்க்கு டிராப்ட் எடுத்தாக வேண்டும். மணி பார்த்தேன், 1-10. வங்கிக் கவுண்டர் அப்போது 2 மணி வரை. நிதானமாகப் போனால் கதவு சாத்தியாகிவிட்டது. கடிகாரம் நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டிராப்ட் மறுநாள்தான் போயிற்று. அதற்குள் விலை ஏறி, சரக்கும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இப்போது பிள்ளைகள் வைண்டர் என்று ஒரு பெட்டி வாங்கித் தருகிறார்கள். சிறு மோட்டார் கடிகாரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே கடிகாரத்தைத் தினம் கட்டுபவருக்கு இது வீண் செலவு. இரண்டு மூன்று வைத்து மாற்றி மாற்றிக் கட்டுபவருக்கு, அதிலும் தேதி, கிழமை காட்டும் கடிகாரமானால், உதவும்.

வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுற்றும் திசையை மாற்ற முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். 1959இல் சீகோ கொண்டுவந்த மேஜிக் லீவர் அமைப்பில் தகடு எந்தப் பக்கம் சுழன்றாலும் வில் முறுகும். மியோட்டா 8215 போன்ற இயந்திரம் ஒரு பக்கம் மட்டுமே முறுக்கும். பெட்டி எதிர்ப் பக்கம் சுற்றினால் ஆண்டு முழுக்கச் சுற்றினாலும் பயனில்லை. அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பது. பெரும்பாலானவற்றுக்கு 650 முதல் 800 போதும். விட்டு விட்டுச் சுற்றுவதே நல்லது.

அதிகம் முறுக்கி வில் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நிறைந்தபின் வில்லின் வெளிமுனை வழுக்கிக் கொடுக்கும். ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் தேயும், எண்ணெயும் வற்றும். ஆகவே மாதக்கணக்கில் கட்டாத கடிகாரத்தை நிற்க விடுவதே மேல்.

நின்ற கடிகாரத்துக்குத் தேதி வைக்கையில் ஒரு எச்சரிக்கை. முள் இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் இருந்தால் தேதியைத் திருகாதீர்கள், பல்சக்கரம் உடையும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் திருகுங்கள்.

வாங்கிய வைண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கடிகாரத்தை அதில் இரண்டு நாள் வைத்து, எடுத்து மேசைமேல் விட்டுவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஓடினால் சரி. சில மணி நேரத்தில் நின்றால் திசையை மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம், காந்தம் ஏறினால் மணி தாறுமாறாக ஓடும்.

கல்லாவுக்கு நான் இப்போது கட்டுவது குவார்ட்ஸ். சீகோ வீட்டு அலமாரியில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கல்யாணம் காட்சிக்கு எடுத்துக் கட்டுவேன்.